ஒரு பிலிப்பைன்ஸ் வாள் எந்தத் தீவைச் சேர்ந்தது? கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அருங்காட்சியகக் கிடங்குகளில், ஏலப் பட்டியல்களில், பழைய ராணுவக் குடும்பங்களின் பரண்களில் ஏராளமான பிலிப்பைன்ஸ் வாள்கள் கிடக்கின்றன. அவற்றோடு கட்டியிருக்கும் சீட்டில் பெரும்பாலும் ‘மோரோ வாள்’ என்றோ ‘பிலிப்பைன்ஸ் போலோ’ என்றோதான் எழுதியிருக்கும். மோரோ என்பது தெற்கே மிண்டனாவோவிலும் சுலு தீவுகளிலும் வாழும் முஸ்லிம் மக்களுக்கு ஸ்பானியர் வைத்த பெயர். போலோ என்பது நம் ஊரில் வெட்டுக்கத்தி என்று சொல்வதுபோல எல்லாவற்றுக்கும் பொது. இந்தச் சீட்டை நம்பினால், சமார் தீவில் ஒரு கத்தோலிக்க விவசாயி இடுப்பில் கட்டியிருந்த கத்தி மோரோ கத்தி ஆகிவிடும். லூசோன் மலைக் கோடரியும் அப்படியே. இவற்றை அடித்த கொல்லர்களின் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. அவர்கள் எந்த மக்களைச் சேர்ந்தவர்கள் என்பதாவது மிஞ்ச வேண்டும். அதற்கு அந்தப் பொருளையே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று பார்க்கலாம். 1899-ல் பிலிப்பைன்ஸ்–அமெரிக்கப் போர் தொடங்கியது. 1902-ல் போர் முடிந்துவிட்டதாக அமெரிக்க அரசு அறிவித்தாலும், தெற்கே ஹோலோ தீவில் 1906-ல் புத் தாஹோ மலையில், 1913-ல் புத் பக்சாக் மலையில் என்று ரத்தம் சிந்திக்கொண்டே இருந்தது. அமெரிக்கப் படைப்பிரிவுகள் ஒரே இடத்தில் இருக்கவில்லை. வடக்கே லூசோனில் கொஞ்ச காலம், அப்புறம் நடுவிலுள்ள விசாயா தீவுகள், அப்புறம் தெற்கே மிண்டனாவோவின் ஸாம்போவாங்கா என்று மாறிக்கொண்டே போனார்கள். போகும் இடமெல்லாம் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டார்கள், வாங்கினார்கள், பறித்தார்கள். 1911-ல் மோரோ மாகாண ஆளுநராக இருந்த ஜான் பெர்ஷிங் ஆயுதங்களை ஒப்படைக்கும்படி ஆணையிட்டபோது இன்னும் பல ஆயுதங்கள் கைமாறின. ஊருக்குத் திரும்பிய சிப்பாயின் பெட்டியில் மூன்று பகுதிகளின் கத்திகள் கலந்து கிடந்தால், பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா சொன்ன ‘மோரோ’ கதை மட்டுமே நினைவில் நின்றது.

அருங்காட்சியகங்களும் இதில் தப்பவில்லை. அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் ஆயுதங்களை ஹெர்பர்ட் கிரீகர் 1926-ல் பட்டியலிட்டு வெளியிட்டார். சேகரிப்பவர்கள் இன்றும் புரட்டுகிற பட்டியல் அது. படங்களுக்காக அதை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அதிலுள்ள பெயரையும் இடத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. கொண்டுவந்து கொடுத்தவர் சொன்னதுதான் இப்படிப்பட்ட பட்டியல்களுக்கு அடிப்படை. கொடுத்தவருக்கு அது எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. போருக்கு முந்தைய சேகரிப்புகள், குறிப்பாக 1887-ல் மாட்ரிட் நகரில் நடந்த பிலிப்பைன்ஸ் கண்காட்சிக்காக அனுப்பப்பட்டவை, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல். குறைந்தபட்சம் அந்த ஆண்டுக்கு முன்னால் செய்யப்பட்டவை என்ற உறுதியாவது உண்டு.

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் அலகின் வடிவத்தில்தான் தொடங்குவார்கள். இலை வடிவமா, வளைந்திருக்கிறதா, அலையலையாக இருக்கிறதா என்று. அது இயல்புதான், ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பாதி நேரம் தவறான தீவில் போய் நிற்போம். இரும்பு வேலை எல்லா ஊரிலும் நடக்கவில்லை. நல்ல கொல்லர்கள் சில கிராமங்களில் இருந்தார்கள், அவர்கள் அடித்த அலகுகள் சந்தை சந்தையாகப் பயணம் செய்தன. வாங்கியவர் தன் ஊர் வழக்கப்படி பிடி போட்டார், உறை செய்துகொண்டார். பழைய அலகுக்குப் புதுப் பிடி போடுவதும் சாதாரணம். ஆகவே வெட்டு வாயின் சரிவு, அலகு பிடிக்குள் இறங்கும் விதம், பிடியின் செதுக்கல், உறையின் கட்டு ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இவற்றில் பிடிக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

வெட்டு வாயின் சரிவைப் பார்ப்பது எளிது, பலரும் செய்யாமல் விடுவதும் இதைத்தான். கத்தியின் முனை உங்களுக்கு எதிர்ப்புறமாக இருக்கும்படி, வாய் கீழே பார்க்கப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்து வாயில் சேர்ந்தால் ஒரு கதை. இடப்பக்கம் தட்டையாகவும் வலப்பக்கம் மட்டும் உளிபோலச் சரிந்தும் இருந்தால் வேறு கதை. இந்த ஒருபக்கச் சரிவு விசாயா தீவுகளின் கத்திகளில் மிகப் பரவலானது, பனாய் தீவில் கிட்டத்தட்ட முத்திரை மாதிரி. வலக்கைக்காரருக்காகச் செய்தது இது. இடக்கைக்காரருக்குத் தலைகீழாகச் செய்தவையும் கிடைக்கின்றன. சுலுவின் பாரோங் வாளிலோ இரண்டு பக்கமும் மெல்லப் புடைத்து வாயில் சேரும். எனவே இலை வடிவத்தில் ஒரு கத்தி வந்து, அதன் ஒரு பக்கம் தட்டையாக இருந்தால், ‘பாரோங்’ என்று எழுதிய சீட்டைச் சந்தேகிக்க அது ஒன்றே போதும்.

பனாயில் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் பிடி எவ்வளவு பேசும் என்பதை இந்தத் தீவு மாதிரி வேறெதுவும் காட்டாது. இங்கே தெனெக்ரே என்று அழைக்கப்படும் வாளின் பிடி எருமைக் கொம்பிலோ கெட்டியான மரத்திலோ செதுக்கப்பட்டிருக்கும். பிடியின் நுனியில் வாயைப் பிளந்த ஒரு விலங்கு. பல் தெரியும், சிலவற்றில் நாக்கும் தெரியும், பிடரியில் சுருள் சுருளாக வேலைப்பாடு ஓடும். நிலவை விழுங்கும் கடல் பாம்பான பக்குனாவா என்று இதைப் பொதுவாகச் சொல்கிறார்கள். மனித முகம் செதுக்கிய பிடிகளும் உண்டு. பிடிக்கும் அலகுக்கும் நடுவே பித்தளையிலோ இரும்பிலோ ஒரு காப்பு இருக்கும். வட்டத் தட்டாகவோ எஸ் எழுத்துப்போல வளைந்தோ இருக்கலாம். அலகின் அடிப்பகுதியில், பிடிக்குச் சற்று மேலே, இலைக் கொடி மாதிரி மெல்லிய கீறல் வேலை இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஸ்பானிய ஆட்சியும் தேவாலயமும் இருந்த தீவு இது. அப்படியும் வயலுக்குப் போகிறவரின் இடுப்பில் அந்தப் பழைய விலங்கு வாயைத் திறந்தபடியே இருந்தது. இதை ‘மோரோ வாள்’ என்று எழுதிவைப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை ஒரு தெனெக்ரே பிடியை நெருக்கத்தில் பார்த்தவர்கள் உணர்வார்கள்.

பனாய்ப் பிடியைக் கண்டதும் பனாய் என்று எழுதிவிடவும் முடியாது. பக்கத்தில் இருக்கும் நீக்ரோஸ் தீவின் மேற்குப் பாதியில் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது, பனாயின் இலோயிலோ பகுதியிலிருந்து மக்கள் திரளாக அங்கே குடிபெயர்ந்தார்கள். இன்றும் அந்தப் பாதியில் பனாய்க்காரர்களின் ஹிலிகய்னோன் மொழிதான். கிழக்குப் பாதியில் செபு தீவின் செபுவானோ மொழி. கத்தி வழக்கமும் மக்களோடுதான் போகும். அதனால் ‘பனாய் அல்லது மேற்கு நீக்ரோஸ்’ என்று எழுதுவதே நேர்மை. வரைபடத்தில் உள்ள மாகாண எல்லையைவிட மொழி எல்லை இந்த வேலைக்கு அதிகம் உதவும்.

செபு, போஹோல் பக்கம் வந்தால் பினுதி என்ற நீண்ட, ஒடுங்கிய அலகு கிடைக்கும். பிடி பெரும்பாலும் எளிமையானது, பனாயின் விலங்குக் கூட்டம் இங்கே இல்லை. இன்னும் கிழக்கே சமார், லேய்தே தீவுகளில் அலகுகள் வயிறு பெருத்தும் வளைந்தும் காணப்படுகின்றன. காராப், தாலிபோங் என்ற பெயர்கள் இந்தப் பகுதியோடு சேர்ந்து வருபவை. பிடியில் விலங்குத் தலை இருந்தாலும் பனாய் அளவுக்கு விவரமாக இல்லாமல் சுருக்கமாகச் செதுக்கியிருப்பார்கள். 1901 செப்டம்பர் 28 அன்று சமாரின் பலாங்கிகா ஊர் மக்கள் அமெரிக்கப் படைமுகாமைத் தாக்கியபோது கையில் இருந்தவை இந்தப் பகுதிக் கத்திகள்தான். அதற்குப் பின் சில ஆண்டுகள் சமாரிலும் லேய்தேயிலும் சிவப்பு உடை உடுத்திப் போராடிய புலாஹான் கூட்டத்தாரின் கையிலும் அவையே. பலாங்கிகாவிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட தேவாலய மணிகள் 2018 டிசம்பரில் ஊர் திரும்பின. மணிகளுக்கு அவை எந்த ஊர் மணிகள் என்று எழுதிவைத்த வரலாறு இருந்தது. கத்திகளுக்கு அது இல்லை.

பெயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கினுந்திங் என்ற பெயரில் வடக்கே ஒரு வடிவத்தையும் பனாயில் இன்னொரு வடிவத்தையும் காட்டுவார்கள். சுந்தாங் என்ற பெயரும் அப்படித்தான், தீவுக்குத் தீவு வேறு வேறு கத்தி. பெயரை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கப் போனால் சுற்றிச் சுற்றி வருவோம். முதலில் இடம், பிறகு அந்த இடத்தில் அதை என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதுதான் சரியான வரிசை.

இனி தெற்கு. உண்மையிலேயே மோரோ வாள்களாக இருப்பவற்றை எடுத்துக்கொண்டாலும் அந்தச் சொல் போதவே போதாது. சுலு தீவுகளின் தவுசுக், சாமா மக்கள், பசிலான் தீவின் யாக்கான் மக்கள், லானாவ் ஏரிக்கரையின் மரனாவ் மக்கள், கொத்தபாத்தோ ஆற்றுச் சமவெளியின் மகிந்தனாவ் மக்கள், கடலோர இரானுன் மக்கள் எல்லோரும் அதற்குள் அடங்கிவிடுகிறார்கள். இவர்களுக்குள் மொழியும் வேறு, கைவேலையும் வேறு.

எல்லோருக்கும் பொதுவான வாள் கிரிஸ், சுலுவில் அதன் பெயர் காலிஸ். ஜாவாவின் கிரிஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜாவாவினுடையது குத்துவதற்கான சிறு வாள்; மோரோ கிரிஸ் அகலமும் கனமும் கூடி, வெட்டுவதற்காகவே வளர்ந்த போர்வாள். அலை இருந்தால்தான் கிரிஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். நேரான அலகுள்ள கிரிஸ்களும், பாதிவரை அலையாக வந்து மீதி நேராகப் போகும் கிரிஸ்களும் தாராளமாக உண்டு. அடையாளம் அலகின் அடியில்தான் இருக்கிறது. அங்கே அது இரு பக்கமும் விரிந்து, ஒரு பக்கத்தில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவும் வரிசையான சிறு வெட்டுகளும் கொண்டிருக்கும். அந்த அடிப்பகுதியைப் பிடியோடு பிணைக்க வெள்ளியிலோ பித்தளையிலோ செம்பிலோ கவ்விகள் போட்டிருப்பார்கள், அவற்றின் பெயர் அசாங்-அசாங். பழைய கிரிஸ்களில் கங்கா எனப்படும் அந்த அடிப்பகுதி தனித் துண்டு. இணைப்புக் கோடு உண்மையானது. பிற்காலத்தவற்றில் முழுதும் ஒரே துண்டு. கோட்டைக் கீறி மட்டும் வைத்திருப்பார்கள். இடத்தைவிடக் காலத்தைச் சொல்லும் அடையாளம் இது என்றாலும், ஒரு கிரிஸைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இடத்துக்குப் பிடியும் உறையும்தான் கை கொடுக்கும். பிடியின் நுனியில் காக்கட்டூ கிளியின் கொண்டையும் மூக்கும் போன்ற வடிவம் தெற்கு முழுதும் உண்டு. குதிரைக் குளம்பு போன்ற எளிய நுனி சுலுவின் பழைய கிரிஸ்களோடு சேர்ந்து பேசப்படுகிறது. மரனாவ் வேலை என்றால் கண்ணில் முதலில் படுவது ஓகிர் என்ற கொடி அலங்காரம். சுருண்டு ஓடும் இலையும் நாக வடிவமும் கலந்து பித்தளையிலும் வெள்ளியிலும் நிறைந்திருக்கும். லானாவ் ஏரிக்கரையில் உள்ள துகாயா ஊர் இன்றைக்கும் பித்தளை வேலைக்கும் ஓகிர் செதுக்கலுக்கும் பெயர் பெற்றது. ஆனாலும் சுல்தான் குடும்பங்கள் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுத்தன, வாள்களைப் பரிசாகக் கொடுத்தன, கடலில் வணிகமும் நடந்தது. அதனால் கிரிஸ் விஷயத்தில் ‘சுலு’, ‘மிண்டனாவோ’ என்று நிறுத்திக்கொள்வதே பெரும்பாலும் பாதுகாப்பானது.

பாரோங் இதைவிடத் தெளிவாகப் பேசும். முதுகு தடித்து, வயிறு பெருத்து, இலைபோல் முனையில் கூர்ந்த, குட்டையான கனத்த வாள் அது. சுலு தீவுகளும் பசிலானும் அதன் தாய்வீடு. தவுசுக், சாமா, யாக்கான் மக்கள் வைத்திருந்தார்கள். கடல் தாண்டி வட போர்னியோவின், அதாவது இன்றைய சபாவின், கரையோரத்திலும் இதே வாள் புழங்கியதால், மலேசியாவிலிருந்து வரும் பாரோங்கைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. சுலு கடல் அந்த மக்களுக்கு எல்லைக்கோடாக இருந்ததில்லை. நல்ல பாரோங்கின் பிடியில் ஒரு நீண்ட வெள்ளிப் பூண், அதன் மேல் முறுக்கிய நாரோ கம்பியோ, நுனியில் காக்கட்டூ. பெரிய குடும்பங்களின் பாரோங்களில் அந்தக் காக்கட்டூ தந்தத்தில் செதுக்கப்பட்டு உள்ளங்கைக்கு மேல் நீண்டு வரும். உறை இரண்டு தட்டைப் பலகைகளைச் சேர்த்துக் கட்டியது. அடிமுனை மேல்நோக்கி வளைந்திருக்கும். பிடியின் நுனி மிக நீளமாக, பின்னோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியென்றால் அது யாக்கான் மக்களின் பீரா. நேராகப் பசிலான் என்று எழுதலாம்.

கம்பிலான் இன்னொரு உலகம். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். பிடியருகே ஒடுங்கித் தொடங்கி முனைக்குப் போகப் போக அகலும் அலகு, முனையின் முதுகில் முள்போல ஒரு சிறு நீட்சி. பிடியின் நுனி இரண்டாகப் பிளந்து, வாயைத் திறந்த முதலையையோ பாம்பையோ நினைவூட்டும்; பலவற்றில் முடிக் குஞ்சங்கள் தொங்கும். இது மிண்டனாவோ பெருநிலத்தின் வாள்: மரனாவ், மகிந்தனாவ், இரானுன். 19-ஆம் நூற்றாண்டில் போர்னியோவில் இருந்த ஆங்கிலேயர் இதை ‘இலானுன் வாள்’ என்றே குறித்தார்கள், இரானுன் கடலோடிகளின் கையில் கண்டதால். முன்னால் கனத்து வளைந்து, நீண்ட பிடியில் பிரம்பு சுற்றிய பானபாஸும் இதே பெருநிலத்துச் சரக்குதான்.

கம்பிலான் என்றதும் மக்தான் தீவுத் தலைவர் லாபுலாபு நினைவுக்கு வராத பிலிப்பினோ இருக்க மாட்டார். 1521 ஏப்ரல் 27 அன்று மக்தான் கரையில், ஸ்பெயினுக்காகக் கடலோடி வந்த மகெல்லன் கொல்லப்பட்டார். ஓவியங்களில் லாபுலாபு கையில் கம்பிலான் இருக்கும். உடனிருந்த பிகாபெத்தா எழுதியிருப்பது, வளைந்த துருக்கிய வாளைப் போன்ற, ஆனால் அதைவிடப் பெரிய ஒரு வெட்டுவாளால் மகெல்லனின் இடது காலில் வெட்டினார்கள் என்று. அந்த ஒரு வரி பெரிய வாள் ஒன்றைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அது கம்பிலானாக இருக்கலாம். இருந்தாலும் மக்தானில் அடித்தது என்று ஆகாது, தெற்கிலிருந்து வணிகத்தில் வந்திருக்கவும் வழி உண்டு. ஒரு தேசத்தின் பெருமைக்குரிய நிகழ்ச்சியைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. வாளின் ஊரைத் தீர்மானிக்க அந்த வரி போதாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

லூசோன் சமவெளி வேறு மாதிரி. தகாலோக், இலோகானோ, பம்பாங்கா பகுதிகளில் ஸ்பானிய ராணுவ வாளின் செல்வாக்கு பிடியில் அப்படியே தெரியும். விரல்களை மூடும் வளைந்த காப்பு, சிங்கத் தலையோ கழுகுத் தலையோ கொண்ட நுனி, தோலில் தைத்த உறை. ஸ்பெயினுக்கு எதிரான 1896 புரட்சிக்காலக் கத்திகளில் இவை எல்லாவற்றையும் காணலாம். பிடியின் நுனியைத் திருப்பிப் பாருங்கள்: அலகின் வால் பிடிக்குள் முழு நீளத்துக்கும் ஓடி, மறுமுனையில் வெளியே வந்து அடித்து மடக்கப்பட்டிருந்தால் லூசோன் பக்கம் சாயலாம். விசாயாவில் வாலைப் பிடிக்குள் செருகி அரக்கு போன்ற பிசினால் இறுக்குவது அதிகம். தென்கிழக்கே பிகோலில் மினாஸ்பாத் என்ற வாள் உண்டு. கொம்புப் பிடியும் கைக்காப்பும் சேர்ந்து அது லூசோனுக்கும் விசாயாவுக்கும் நடுவில் நிற்கும், பிகோலின் இருப்பிடத்தைப் போலவே. மடக்குக் கத்தியான பாலிசோங் பத்தாங்காஸின் தால் ஊரோடு பிணைந்தது என்பது பலருக்கும் தெரிந்ததுதான்.

வடக்கு லூசோனின் கோர்தில்லேரா மலையில் பெருமை வாளுக்கு அல்ல, கோடரிக்கு. கலிங்கா, திங்குயான் மக்களின் கோடரிகளில் வாய் உட்குழிந்து, பின்னால் ஒரு நீண்ட முள் ஒல்லியாக நீளும். பொந்தோக் கோடரி அதைவிடக் கட்டையானது, வாய் நேராக இருக்கும். இந்த வேறுபாட்டைப் பார்த்ததும் ஊரைச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் 1905-ல் பொந்தோக் மக்களைப் பற்றி விரிவாக எழுதிய ஆல்பர்ட் ஜென்க்ஸ், இரும்பு ஆயுதங்கள் பலிவாங் போன்ற சில கொல்லர் கிராமங்களிலிருந்து வந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அடித்த ஊர் ஒன்று, தோளில் வைத்த ஊர் இன்னொன்று. இஃபுகாவ் மக்களின் குட்டை வாளுக்கு உறைதான் அடையாளம்: ஒரே பலகையைக் குடைந்து, ஒரு பக்கம் திறந்தே விட்டு, குறுக்கே பட்டைகள் போட்டு அலகைத் தாங்கவைத்திருப்பார்கள். அலகு வெளியே தெரியும். வேறெந்தப் பகுதியோடும் இதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை.

மிண்டனாவோவின் உள்மலைகளில் வாழும் திபோலி, பகோபோ, மந்தாயா மக்களின் கத்திகள் சீட்டுகளில் அதிகம் பாதிக்கப்படுபவை, மிண்டனாவோ என்றாலே மோரோ என்று எழுதிவிடுவதால். இவர்கள் முஸ்லிம்கள் அல்ல, இவர்களின் கைவேலையும் தனி. திபோலி வாளின் பிடியில் மெழுகு வார்ப்பில் செய்த பித்தளை, அதில் கோணக் கோடுகள், தொங்கும் சிறு மணிகள். நடந்தால் சத்தம் கேட்கும். மந்தாயாக்களின் குத்துவாள் இன்னும் சுவாரசியமானது. 1609-ல் வெளிவந்த நூலில் அந்தோனியோ தே மோர்கா, தீவு மக்கள் இடுப்பில் செருகியிருந்த நான்கு விரல் அகலக் குத்துவாள்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பிடி பொன்னிலோ தந்தத்திலோ, நுனி திறந்து இரு குறுக்குக் கைகளோடு. கரையோரத்தில் அந்த வகை மறைந்துவிட்டது. தவாவ் மலைகளில் மந்தாயாக்களிடம், பிறைபோல விரிந்த இரு கைகள் கொண்ட பிடியோடு அதன் நெருங்கிய உறவு 20-ஆம் நூற்றாண்டுவரை இருந்தது. ஒரு காலத்தில் பரவலாக இருந்தது ஓர் ஓரத்தில் தங்கிப் பிழைப்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

இடம்பெயர்வு எல்லாக் கணக்கையும் கொஞ்சம் கலைக்கும். 20-ஆம் நூற்றாண்டில் விசாயா மக்கள் நிலம் தேடி மிண்டனாவோவுக்குத் திரளாகப் போனார்கள். இலோகானோக்கள் ககயான் சமவெளிக்கும் பங்கசினானுக்கும் பரவினார்கள். எனவே தவாவில் வாங்கிய கத்தி செபு மரபில் வந்ததாக இருக்கலாம். வாங்கிய இடத்தையும் மரபையும் தனித்தனியாக எழுதிவைப்பது நல்லது.

பொருளும் காலமும் சேர்ந்தும் சாட்சி சொல்லும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜீப், லாரிகளின் ஸ்பிரிங் பட்டைதான் கொல்லர்களுக்கு முக்கிய எஃகு. பூண் அலுமினியத்தில் இருந்தால் 20-ஆம் நூற்றாண்டு. 1945 என்ற ஆண்டும் சிப்பாயின் பெயரும் கீறியிருந்தால் அது நினைவுப்பொருளாகச் செய்து விற்றது. அலகில் ‘ஸாம்போவாங்கா’ என்று பொறித்திருந்தால் விற்ற ஊர் தெரிகிறது. அடித்த மக்கள் யார் என்பதற்கு மறுபடி பிடியைத்தான் பார்க்க வேண்டும். நினைவுப்பொருள் என்பதால் அதை ஒதுக்கிவிடவும் கூடாது. போர் முடிந்து எல்லாம் இடிந்து கிடந்த ஊரில் ஒரு கொல்லர் அதை விற்றுத்தான் வீட்டுக்கு அரிசி வாங்கியிருப்பார்.

இப்போது இதையெல்லாம் ஒன்றாகப் போட்டுப் பார்ப்போம். ‘மோரோ பாரோங், 1902’ என்று சீட்டுக் கட்டிய ஒரு வாள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலகு இலை வடிவம்தான். திருப்பிப் பார்த்தால் இடப்பக்கம் தட்டை. பிடி எருமைக் கொம்பு, நுனியில் வாய் பிளந்த விலங்கு. நடுவில் எஸ் வடிவப் பித்தளைக் காப்பு. வால் பிடிக்குள்ளேயே நின்று பிசினால் இறுகியிருக்கிறது. சரிவு, பிடி, காப்பு, வால் நான்கும் ஒரே திசையில் போகின்றன: பனாய், அல்லது மேற்கு நீக்ரோஸ். சீட்டில் உள்ள ஆண்டை மட்டும் தள்ளிவிட வேண்டாம். அமெரிக்கப் படை இலோயிலோவை 1899 பிப்ரவரியிலேயே பிடித்துவிட்டது; 1902-ல் அங்கிருந்து ஒருவர் வாளோடு ஊர் திரும்பியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆள் சொன்ன காலம் சரி, மக்கள்தான் மாறிப்போனார்கள். நான்கில் இரண்டு அடையாளம் ஒரு பக்கமும் இரண்டு வேறு பக்கமும் போனால், ஏதோ ஒரு கட்டத்தில் பிடி மாற்றப்பட்டிருக்கிறது என்று எழுதி, இரண்டு இடங்களையும் குறித்துவிடலாம். ஊர்ப் பெயர்வரை போக வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ‘விசாயா’ என்று உறுதியாகச் சொல்வது, ஒரு சிற்றூரை ஊகித்து எழுதுவதைவிடப் பிறகு வருபவருக்கு அதிகம் உதவும்.

உங்களிடம் அப்படி ஒரு வாள் இருந்தால், துரு போக்குகிறேன் என்று மணல்தாள் போட்டுவிடாதீர்கள். தெற்கு வாள்களில் மடித்து அடித்த இரும்பின் வரிகளும், பனாய் அலகின் கீறல் வேலையும் அதோடு போய்விடும். பிடியைக் கழற்றவும் வேண்டாம். பழைய பிசின் உடைந்தால் வால் எப்படி உட்கார்ந்திருந்தது என்ற தடயம் அழியும். படம் எடுக்கும்போது பக்கவாட்டுப் படம் மட்டும் போதாது. அலகின் முதுகு, இரு முகங்கள், முனையிலிருந்து நேராகப் பார்த்த சரிவு, பிடி நுனியின் அடிப்பக்கம், உறையின் பின்பக்கக் கட்டு எல்லாம் வேண்டும். பழைய சீட்டு தவறாகவே இருந்தாலும் அதைக் கிழிக்காமல் கூடவே வையுங்கள். பனாயிலும் பத்தாங்காஸிலும் துகாயாவிலும் கொல்லர்களும் செதுக்குபவர்களும் இன்றும் வேலை செய்கிறார்கள். அந்தப் படங்களை அவர்களிடம் காட்டி, இந்தப் பிடியை உங்கள் ஊரில் யார் போடுவார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சீட்டின் அடுத்த வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.